சத்தமில்லாமல் வந்த படகு

எலோதியாவிடம் பாடம் கேட்க வந்த சீடருக்கு வயது அறுபத்து நான்கு. குருவுக்கு நாற்பத்தொன்று.

குரு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். சீடர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். யார் யாரிடம் படிக்க வந்தது என்று முகாமில் இருந்தவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

இடம் மெக்சிகோ நாட்டின் மேற்கு ஓரம். பாஹா கலிஃபோர்னியா என்கிற நீளவாக்கான தீபகற்பத்தில் ஒரு காயல். சுற்றிலும் உப்பு மண், ஒரு வாய் மட்டும் பசிபிக் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். சாம்பல் திமிங்கலங்கள் வடக்கே பனிக்கடலிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் நீந்தி, தை மாத வாக்கில் இந்த மாதிரிக் காயல்களுக்கு வந்துதான் குட்டி போடும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்குக் கொஞ்சம் சதை பிடித்து நீச்சல் திடமானதும், சித்திரைக்குள் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

அந்த மூன்று மாதமும் கரையில் கூடாரம் போட்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களைச் சின்னப் படகில் கூட்டிப்போவது அங்குள்ளவர்களின் பிழைப்பு. மொத்தம் பன்னிரண்டு படகு. பதினோரு படகுக்குத் திமிங்கலம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. எலோதியாவின் படகுக்கு மட்டும் அநேகமாக எல்லா நாளும் வரும். தாய் வரும், குட்டியையும் கூட்டிவரும், படகின் விளிம்புக்குப் பக்கத்தில் தலையைத் தூக்கி மனிதர்களை வேடிக்கை பார்க்கும். அதனால் அவளை எல்லாரும் மாயெஸ்த்ரா என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் பள்ளிக்கூட டீச்சருக்கும் அதுதான் பெயர், கைத்தொழிலில் தேர்ந்தவளுக்கும் அதுதான் பெயர்.

சீடர் பெயர் பெர்னபாஸ் மச்சாது. தூத்துக்குடிக்காரர். முப்பத்தேழு வருஷம் சரக்குக் கப்பல்களின் இஞ்சின் அறையில் கிடந்தவர். சீஃப் இஞ்சினியராக ஓய்வு பெற்றார். துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியதில் ஸ்பானிய மொழி தானாக வாயில் ஒட்டிக்கொண்டது. மச்சாது என்ற பெயரைக் கேட்டதும் காயல்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே நினைத்துவிட்டார்கள். நிறமும் பொருந்திப்போனது. எப்போதோ போர்ச்சுக்கீசியர் கரையேறியபோது விட்டுப்போன பெயர் அது என்று விளக்கப்போய், யாரும் காது கொடுக்காததால் அவரும் விட்டுவிட்டார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஸ்பானிய மொழி. நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"திமிங்கலம் உங்க படகுக்கு மட்டும் எப்படி வருது? எனக்கு அதைக் கத்துக்கணும்" என்றார்.

எலோதியா அவர் சட்டையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"அவுட்போர்டு இஞ்சின் பாக்கத் தெரியுமா?"

"எந்த இஞ்சினும் பாப்பேன்."

"அப்ப தங்குங்க" என்றாள். பன்னிரண்டு படகில் நான்கின் இஞ்சின் அந்த வாரம் படுத்துக்கிடந்தது. சீடன் தேடி வந்ததில் குருவுக்கு இருந்த சந்தோஷம் அப்படிப்பட்டது.

ஒரு வாரம் அவர் இஞ்சின் பார்த்தார். பிறகு படகில் ஏற்றிக்கொண்டாள். தண்ணீரில் இருக்கும்போது கேள்வி கேட்கக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. மச்சாது ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டார். நீரோட்டம், காற்று, ஆழம், படகு நின்ற இடம் எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்தார். குருவின் வித்தையைக் கணக்காகப் பிடித்துவிடலாம் என்று நம்பினார்.

ஆனால் எலோதியா செய்ததில் வித்தை என்று எதுவும் தென்படவில்லை. காயலின் நடுவுக்குப் போவாள். இஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் போடுவாள். அது பாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அவள் காப்பி குடிப்பாள், ஆரஞ்சு உரிப்பாள், கொழுந்தன் செய்த அநியாயங்களைப் பற்றி வந்தவர்களிடம் சொல்வாள். மற்ற படகுக்காரர்கள் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இடம் மாற்றுவார்கள். இவள் இடத்தை விட்டு அசையமாட்டாள். கொழுந்தன் கதை முடிவதற்குள் எப்படியும் ஒரு திமிங்கலம் பக்கத்தில் வந்து மூச்சு விடும்.

மச்சாதுவுக்கு இதில் ஒன்றே ஒன்று பிடிக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் அதையும் எழுதினார்: 'இஞ்சினை அணைக்காமல் விடுவது தவறு. எண்ணெய் வீண். பிள்ளைத்தாய்ச்சிக்கும் தொந்தரவு.'

இதெல்லாம் அவர் வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே வேறு ஒன்று இருந்தது.

காயலிலிருந்து மண் ரோட்டில் ஒரு மணி நேரம் போனால் ஒரு சின்ன டவுன். அங்கே உப்பளத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் ஜெனோவா. மச்சாதுவின் ஒரே மகள். தூத்துக்குடியில் உப்பைப் பார்த்து வளர்ந்து, உப்பைப் படித்து, உப்பு வேலைக்கே இவ்வளவு தூரம் வந்தவள். வந்த இடத்தில் ரூபென் என்கிற லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போன் வந்தது. எட்டு வருஷம் ஆகிறது.

மச்சாது அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. ரிசீவரை மனைவி ரெஜினாளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. மனைவி பேசும்போதெல்லாம் அடுத்த அறைக்குப் போய்விடுவார். கோபத்தில் வாய் தவறி ஏதாவது சொல்லி, அது காலத்துக்கும் நின்றுவிடக்கூடாது என்று நினைத்தார். அதைத் தன்னுடைய கண்ணியம் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரெஜினாள் இறந்தபோது ஜெனோவா அடக்கத்துக்கு வந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். அவள் ஆக்கிப்போட்டதை மச்சாது சாப்பிட்டார். அவள் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, பேசலாம் என்று தொண்டை வரை வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆட்டோ போய்விட்டது.

போன வருஷம் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது. குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆனபோது மச்சாது விமானம் ஏறிவிட்டார். இறங்கியதும் கால் மகள் வீட்டுக்குப் போகவில்லை. காயலுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் டவுனுக்குப் போனார். மாதா கோயிலில் கடைசி பெஞ்சில், தூண் மறைவில் உட்கார்ந்து பூசை கண்டார். மகள் முன்வரிசையில் இருப்பாள். அடையாளம் தெரிந்துவிடும் என்று நற்கருணை வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை. முதல் ஞாயிறு, குழந்தை அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பூசை முழுக்க இவரையே பார்த்தான். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டே அடுத்த ஆறு நாளும் இஞ்சின் கழற்றினார்.

யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் பார்த்துவிட்டுப் போகிறோம், அதில் என்ன தப்பு என்பது அவர் எண்ணம்.

மூன்றாவது ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, ஆட்கள் வருவதற்கு முன்னால் காலையில், எலோதியா சுக்கானை அவரிடம் கொடுத்தாள். நீங்க ஓட்டுங்க, நான் சும்மா வர்றேன் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காயலின் மேற்பக்கம் ஒரு தாயும் குட்டியும் கிடந்தன. தாய் அசையாமல் மிதந்தது. குட்டி அதன் முதுகின்மேல் ஏறி வழுக்கி விழுந்து, மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது. மச்சாதுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குருவிடம் தன் பங்குக்கு ஒன்றைக் காட்ட வேண்டும் என்றும் தோன்றியது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார். நல்ல தூரத்திலேயே இஞ்சினை அணைத்தார்.

படகு சத்தமில்லாமல் போனது. துடுப்பைத் தொடவில்லை, இருமவில்லை. கணக்கு ஒரு முழம்கூடப் பிசகவில்லை. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார். குட்டியின் தாடையில் ஒற்றை ஒற்றையாக முளைத்திருந்த முடிகூடத் தெரிந்தது.

அப்போதுதான் தாய் அவர்களைக் கண்டது.

தண்ணீர் எழும்பியது. வால் அடித்த அடியில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மச்சாது பலகையில் தோள்பட்டை மோத விழுந்தார். எலோதியாவின் காப்பி பிளாஸ்க் காயலுக்குப் போனது. அவர் எழுந்து பார்க்கும்போது தாய் குட்டியைத் தன் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, தன் உடம்பை இவர்களுக்கும் குட்டிக்கும் நடுவில் போட்டிருந்தது.

எலோதியா பின்னால் வந்து இஞ்சினைக் கிளப்பினாள். வேகமாகப் போகவில்லை. மெதுவாக, நேராக, இருநூறு கஜம் தள்ளிப்போய் நிறுத்தி நியூட்ரலில் போட்டாள். இஞ்சின் தடதடத்தது. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"நான் சத்தமே போடலையே" என்றார் மச்சாது.

"ஆமா."

"தண்ணிதான் கொண்டுபோச்சு. துடுப்புகூடப் போடல."

"ஆமா சீஃப். நல்லா ஓட்டினீங்க. எனக்கே கேக்கல."

தண்ணீரில் கேள்வி கேட்கக்கூடாது என்பதை அவள் அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. சட்டையைப் பிழிந்துகொண்டே ஒரு பழைய விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் இந்தக் காயலுக்குள் பெரிய கப்பல்கள் வந்தன. கப்பலிலிருந்து சின்னப் படகுகளை இறக்கி, துடுப்பில் துணி சுற்றிக்கொண்டு வருவார்கள். தாயை விட்டுவிட்டு முதலில் குட்டியைத்தான் ஈட்டியால் குத்துவார்கள். குட்டி அடிபட்டுக் கிடந்தால் தாய் எங்கேயும் போகாதாம். ஒரே பருவத்தில் காயல் முழுக்கத் திமிங்கலக் கொழுப்பில் எண்ணெய் காய்ச்சும் புகையாக இருந்தது என்று அவள் வீட்டில் சொல்வார்கள்.

"அவங்க சத்தம் போட்டதா யாரும் சொன்னதில்ல" என்றாள்.

மச்சாது இஞ்சினைப் பார்த்தார்.

"இந்தச் சத்தம் அதுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்குமோ பிடிக்காதோ. நாம எங்க இருக்கோம்னு தெரியும்."

மச்சாது தூரத்தில் கிடந்த தாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னை அறியாமல் தமிழில் சொன்னார்: "போன ஞாயித்துக்கிழம பிள்ளைய சுவத்துப் பக்கமா வச்சிருந்தா."

எலோதியா திரும்பிப் பார்த்தாள். அவர் ஸ்பானியத்தில் எல்லாவற்றையும் சொன்னார். எட்டு வருஷத்தையும், ஒன்பது நாளையும், தூணையும் சொன்னார். முதல் ஞாயிறு ஜெனோவா குழந்தையோடு நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ஞாயிறு ரூபென் அந்த ஓரத்துக்கு வந்துவிட்டான், அவள் நடுவில் இருந்தாள், குழந்தை சுவரோரம் போய்விட்டான். மின்விசிறிக் காற்றுக்காக என்று மச்சாது அன்று நினைத்துக்கொண்டார். இப்போது அப்படித் தோன்றவில்லை.

"நான் அவள ஒரு வார்த்தை திட்டினதில்ல" என்றார். "கோபம்கூட முதல் ஒரு மாசம்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாளும் இல்ல. சத்தியமா இல்ல."

"அது அவளுக்கு எப்படித் தெரியும்?"

மச்சாது ஈரமான நோட்டைப் பிரித்து வெயிலில் வைத்தார்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறி உடுப்பு காய ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். தாய் திரும்பி வந்தது. முதலில் தூரத்தில் ஒரு வட்டம் போட்டது, பிறகு கொஞ்சம் நெருங்கி இன்னொன்று. மூன்றாவது வட்டத்தில் குட்டியை இந்தப் பக்கமாக விட்டது.

மச்சாதுவின் கை தானாக நீண்டது.

"நீட்டாதீங்க" என்றாள் எலோதியா. "விளிம்புல வச்சிருங்க, போதும்."

வைத்திருந்தார். அழுகின மீன் நாற்றத்தோடு ஒரு மூச்சு முகத்தில் அடித்தது. குட்டி தலையைத் தூக்கி, கொஞ்ச நேரம் பார்த்து, அவருடைய உள்ளங்கைக்கு அடியில் தன் மூக்கைக் கொண்டுவந்து வைத்தது. அவித்து உரித்த முட்டையைத் தொடுவது மாதிரி இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தார். இத்தனை வருஷம் கடலில் கிடந்தும் கடல் தன்னைத் தொட்டதில்லை என்று அப்போது நினைத்தார். தாய் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கரைக்குத் திரும்பும்போது, மகளிடம் என்ன பேசட்டும் என்று கேட்டார். மன்னிப்பிலிருந்து ஆரம்பிப்பதா, அம்மாவிலிருந்து ஆரம்பிப்பதா? நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாமா? எலோதியா இதற்கெல்லாம் பதிலே சொல்லவில்லை. நல்ல பிளாஸ்க் போய்விட்டதே என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தாள்.

ஆனாலும் அவர் எழுதிவைத்தார். பதினோரு வாக்கியம். ஞாயிறு வரைக்கும் மனப்பாடம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து மகள் வீட்டுக்குப் போனார். தெருமுனையில் நிற்காமல், வீட்டின் பச்சைக் கேட்டுக்கு நேர் எதிரே, வெயிலில் போய் நின்றார். இரண்டு தரம் கனைத்துக்கொண்டார்.

"ஏட்டி ஜெனோவா. அப்பா வந்திருக்கேன்."

சமையலறை ஜன்னலில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. யாரும் வரவில்லை.

பதினோரு வாக்கியத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஜன்னலை அடைக்கும் சத்தமும் கேட்கவில்லை. கேட்டின் கொக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடாமல், நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வாய்க்கு வந்ததை அவர் பேச ஆரம்பித்தார்.

விமானத்தில் கால் வீங்கிப்போனதைச் சொன்னார். காயலில் தங்கியிருப்பதை, அங்கே போடுகிற சோள ரொட்டி பழகிவிட்டதை, நாலு இஞ்சின் சரிசெய்ததை, அதில் ஒன்றின் தண்ணீர் பம்புக்கு ரப்பர் கிடைக்காமல் பழைய செருப்பை வெட்டிப் போட்டு ஓட்டியதைச் சொன்னார். ஊரில் பின்பக்கத்து முருங்கை காற்றில் விழுந்துவிட்டது என்றார். அம்மாவின் தையல் மிஷினுக்கு மாசம் ஒரு தடவை எண்ணெய் விடுவதாகச் சொன்னார். கல்லறைத் திருநாளுக்கு அம்மா குழிக்கு வெள்ளையடித்து, உன் பேருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி கொளுத்துகிறேன் என்றார். மறுபடி முருங்கைக்கே போனார்.

தெரு வேடிக்கை பார்த்தது. தமிழ் யாருக்கும் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மச்சாது நன்றி சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். ரூபென் கதவைத் திறந்து பார்த்தான், தலையை ஒரு தரம் ஆட்டினான், உள்ளே போய்விட்டான். முக்கால் மணி நேரம் மச்சாது பேசினார். கப்பல் வாழ்க்கை முழுவதிலும் மொத்தமாக அவ்வளவு பேசியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கடைசியில் ஜெனோவா வெளியே வந்தாள். குழந்தை அவள் இடுப்பில் அந்தப் பக்கமாக இருந்தான். கேட்டுக்கு உட்புறம் வந்து நின்றாள்.

"இவ்ளோ பேசுவியளாப்பா நீங்க?"

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"மூணு வாரமா பின்னால பெஞ்சுல இருந்திய. எனக்குத் தெரியும். பயந்துகிட்டே இருந்தேன்."

"என்ன பயம்மா? அப்பாதான."

"இங்கயும் வந்து பேசாம இருக்கத்தான் வந்தியளோன்னு."

தப்புத்தான் தாயீ, என்றார் மச்சாது. அதற்கு மேல் ஓடவில்லை. இவ்வளவு நேரம் ஓடிய வாய் அங்கே நின்றுவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவள் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. முந்தானை மாதிரி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றினாள்.

குழந்தை கேட்டின் மேலாக எட்டி, தாத்தாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

அன்று மச்சாது மகள் வீட்டில் சாப்பிட்டார். மீனைப் புளி விட்டு ஆக்கியிருந்தாள். புளி எங்கே வாங்குகிறாய், எவ்வளவு நேரம் ஊறவைப்பாய் என்று கேள்வியாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் நின்று பதில் சொன்னாள். பேரன் பெயர் லூக்காஸ் என்று தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை காயலுக்கு வந்து, படகில் ஏறி உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எலோதியாவிடம் சொன்னார். பருவம் முடிந்ததும் பின்னறையில் வந்து தங்கச் சொல்லி மகள் கூப்பிட்டிருக்கிறாள் என்றார். எலோதியா இஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டாள். குழந்தை மூக்கைப் பிடித்த கட்டம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"அவன் புடிச்சப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. நின்னேன்."

"வலிச்சுதா?"

"நல்லா வலிச்சுது."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அவனா விடுற வரைக்கும்."

எலோதியா ஆரஞ்சில் பாதியை அவர் கையில் வைத்தாள்.

"அவ்வளவுதான் சீஃப். எனக்கும் அதுக்கு மேல தெரியாது."